கத்தி பட்டால் பரவுமா? பாடாங் செராயில் ஒரு கன்னப் புற்றுநோய்: நிகழ்வு ஆய்வு

நோயாளி 58 வயதுப் பெண். கெடா மாநிலம், கூலிம் மாவட்டம், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பால்வெட்டுக்குப் போனவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உதிரிப்பழம் பொறுக்கினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களைக் காலி செய்யச் சொன்னபோது டவுனுக்கு அருகே ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மகள் வீட்டோடு வந்துவிட்டார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சிகரெட், மது இரண்டும் இல்லை. பெயரையும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன்.

இது அரிய நோய் என்பதால் எழுதவில்லை. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம்தான் அதிகம். அதிலும் வெற்றிலை போடும் தோட்டத்துப் பெண்களிடம் அதிகம் என்பது இங்கே பல் மருத்துவம் பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்ததே. எழுதக் காரணம் வேறு. புண்ணைப் பார்த்த நாளுக்கும் அதிலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்த நாளுக்கும் நடுவே மூன்று மாதம் போய்விட்டது. டாக்டர் கிடைக்காமல் இல்லை, பணம் இல்லாமல் இல்லை. கவர்மெண்ட் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்), ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் ஐந்து வெள்ளி, அவ்வளவுதான் கட்டணம். மூன்று மாதத்தைத் தின்றது ஒரே ஒரு நம்பிக்கை: கத்தி பட்டால் பரவிவிடும்.

வெற்றிலையும் வாயும்

விடிவதற்கு முன் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போகும்போது ஒரு வாய், மரத்தடியில் ஒரு வாய், சாப்பிட்ட பின் ஒரு வாய் என்று நாற்பது ஆண்டுக்கும் மேலான பழக்கம். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, கொஞ்சம் புகையிலை. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகிறவருக்குப் பசியையும் தூக்கத்தையும் அது அடக்கியது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவில் இடது கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே தூங்குவார். புண் வந்ததும் அதே இடத்தில்தான்.

"புகையிலைய விட்டு ரொம்ப நாளாச்சு டாக்டர், இப்போ வெறும் பாக்குதான்" என்று முதல் நாளே சொன்னார். பலரும் இதைச் சொல்வார்கள், இதில் ஆறுதலும் கொள்வார்கள். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை கலந்த வெற்றிலையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1985லேயே அறிவித்துவிட்டது. 2004ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும், வெறும் கொட்டைப்பாக்கையும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற பொருள் கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார்த்திசுவை அளவுக்கு மீறி வளரவைக்கிறது. கன்னம் வெளுத்து, இறுகி, வாய் திறக்க முடியாமல் போகிறது. இதற்கு வாய் நார்க்கட்டு நோய் என்று பெயர். புற்றுநோய் முளைக்கக்கூடிய நிலை இது. பாக்கை நிறுத்தினாலும் இறுகிய கன்னம் பழையபடி இளகுவதில்லை.

முதல் பரிசோதனையில் அவருக்கு வாய் 26 மி.மீ. தான் திறந்தது. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 40 மி.மீ. அளவில் இருக்கும், அதாவது தன் மூன்று விரலைச் செங்குத்தாக வைக்கும் அளவு. இரண்டு கன்னத்திலும் நார்ப்பட்டைகள். வலது கன்னத்தில் தேய்த்தால் போகாத வெண்திட்டு. இடது கன்னத்தில், கடைவாய்ப் பல் மூடும் மட்டத்தில், 1.9 செ.மீ. அகலத்துக்குப் புண். விளிம்பு மேடாக இருந்தது. விரல் வைத்தால் கெட்டியாக இருந்தது. அந்தக் கெட்டித்தன்மைதான் எனக்குக் கவலை தந்தது. சாதாரணப் புண் இப்படி அடியோடு இறுகுவதில்லை.

புண் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு முறை மருந்து வாங்கியிருக்கிறார், தடவும் ஜெல்லும் ஆன்டிபயாட்டிக்கும். முதலில் வலியே இல்லை. சம்பாலும் குழம்பும் வாயில் வைக்க முடியாமல் எரிந்த பிறகுதான் பல் டாக்டரைத் தேடினார். கழுத்தை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். நெறி எதுவும் தட்டுப்படவில்லை.

பல் குத்தியோ, கட்டுப்பல் உரசியோ வந்த புண் என்றால் காரணத்தை அகற்றிய இரண்டு வாரத்தில் ஆறத் தொடங்கிவிடும். மூன்று வாரம் தாண்டியும் நிற்கிற புண்ணுக்கு ஜெல் போதாது, பயாப்ஸி வேண்டும், அதாவது ஒரு துணுக்குச் சதையை எடுத்துச் சோதிக்க வேண்டும். அன்றே அதைச் சொல்லி, தேதியும் குறித்துக் கொடுத்தேன். அந்தத் தேதியில் அவர் வரவில்லை.

மூன்று மாதம்

அடுத்த வாரம் அவருடைய அண்ணன் மட்டும் வந்தார். பழைய மண்டோர் (தோட்டக் கண்காணி), குடும்பத்தில் அவர் சொல்தான் சொல்.

"தப்பா நெனைக்காதீங்க டாக்டர். எங்க சித்தப்பாவுக்குக் கழுத்துல கட்டி. பெரியாஸ்பத்திரியில கத்தி வச்சாங்க. மூணே மாசம். தொடாம விட்டிருந்தா இன்னும் ரெண்டு தீபாவளி பாத்திருப்பாரு. தங்கச்சிக்கு அது வேணாம்."

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். நம் ஆட்கள் பெரும்பாலும் முற்றிய பிறகே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார்கள். முற்றிய நோய்க்குப் பயாப்ஸி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நாள் குறைவுதான். ஆனால் குடும்பத்துக்கு நினைவில் நிற்பது கத்தி வைத்த நாள். அதற்கு முன் ஆறு மாதமாக உள்ளே நடந்தது யார் கண்ணிலும் படவில்லை. அதனால் பழி கத்திமேல் விழுகிறது.

"அண்ணே, உட்காருங்க" என்று சொல்லி, புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்பதை அவருக்கு விளக்கினேன். இங்கே அதை இன்னும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த நிகழ்வின் ஒவ்வொரு முடிவும் அதிலிருந்துதான் வந்தது.

கன்னத்தின் உள்தோல் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு, அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய தடுப்பின்மேல் அடுக்கடுக்காக நிற்கின்றன. சவ்வுக்கு மேலேயே செல்கள் கெட்டுப்போயிருக்கும் வரை அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. அங்கே ரத்தக் குழாயும் இல்லை, நிணநீர்க் குழாயும் இல்லை, எனவே பரவ வழியும் இல்லை. மரபணுக் கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது சில செல்கள் அந்தப் பிடியை விடுகின்றன. சவ்வைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன, கீழே இறங்குகின்றன. இறங்கிய இடத்தில் நிணநீர்க் குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் சுவர் ரத்தக் குழாயின் சுவரைவிடத் தளர்வானது, உள்ளே நுழைவது சுலபம். நுழைந்த செல் நிணநீரோடு போய் முதலில் சேருமிடம் தாடைக்கு அடியிலும் கழுத்தின் மேல்பகுதியிலும் உள்ள நிணநீர்க் கணுக்கள். கன்னப் புற்றுநோய் ஏறக்குறைய எப்போதும் இந்த வழியாகத்தான் கிளம்புகிறது. தூரத்துக்குப் போவதென்றால் ரத்தத்தில் கலந்து பெரும்பாலும் முதலில் நுரையீரலில் இறங்கும். எலும்பு, கல்லீரல் எல்லாம் அப்புறம்தான்.

ரத்தத்தில் விழுந்த செல் எல்லாம் போன இடத்தில் வளர்ந்துவிடுகிறதா? இல்லை. 1889ல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார். கல்லீரலில் அடிக்கடி பரவியிருந்தது, மண்ணீரலில் அபூர்வமாகவே பரவியிருந்தது. விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் கண்ட முடிவு. 1970ல் ஐசாயா ஃபிட்லர், கதிரியக்க அடையாளமிட்ட புற்றுநோய்ச் செல்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்திப் பின்தொடர்ந்தார். மிகப் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துவிட்டன. மிகமிகச் சிலவே கட்டியாயின. செல் இடம் பெயர்வது சாதாரணமாக நடப்பது, போன இடத்தில் உயிர்பிடித்து வளர்வதுதான் கடினம்.

அண்ணனுக்கு நான் சொன்னவற்றில் அவரை யோசிக்க வைத்தது இன்னொரு ஆய்வு. 1975ல் பட்லர், குல்லினோ என்ற இருவர் எலிகளின் மார்பகக் கட்டியிலிருந்து வெளியேறும் ரத்தத்தைப் பிடித்து எண்ணினார்கள். யாரும் கத்தி வைக்காத கட்டி, ஒரு கிராமுக்கு ஒரு நாளில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட செல்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டிருந்தது. "அண்ணே, தொடாம விட்டா அது சும்மா இருக்காது. தினமும் விதைச்சுக்கிட்டே இருக்கும். நாம எடுக்கப் போறது ஒரு துணுக்கு. அந்த இடமும் பின்னால ஆபரேஷன்ல மொத்தமா போயிடும்."

முழுமையாகச் சொல்வதென்றால், கத்தி வைக்கும் வழியில் கவனம் தேவைப்படும் கட்டிகளும் உண்டு. விதைப்பையில் கட்டி என்றால் பையின் தோல் வழியே ஊசி போட மாட்டார்கள், தொடை இடுக்கு வழியே முழு விதையையும் எடுப்பார்கள். கல்லீரல் கட்டியில் ஊசி போன தடத்தில் செல் தங்குவது அபூர்வமாக நடக்கும், அதனால் ஸ்கேனிலேயே உறுதி செய்ய முடிந்தால் ஊசியைத் தவிர்ப்பார்கள். கழுத்தில் கட்டி என்று வந்தால் வாயையும் தொண்டையையும் பார்க்காமல் நேரடியாக வெட்டி எடுப்பது சரியான முறை இல்லை. முதலில் மெல்லிய ஊசியால் செல்லை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். ஆக, எங்கே, எந்த வழியாக எடுப்பது என்பதற்கு மருத்துவத்தில் விதி இருக்கிறது. வாய்ப் புண்ணைப் பொறுத்தவரை விதி தெளிவு: விளிம்பிலிருந்து ஒரு துணுக்கு எடு, சீக்கிரம் எடு.

அண்ணன் மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. நாட்டு மருந்து ஒன்று பார்த்தார்கள், அம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். நேர்ந்துகொண்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். கடைசியில் ஒரு நாள் காலை புண்ணிலிருந்து ரத்தம் வந்து நிற்கவில்லை. கூலிம் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் மகள், மாமாவிடம் ஒரே கேள்வி கேட்டாளாம்: "வெட்டிப் பாக்காம அது என்னன்னு எப்படி மாமா தெரியும்?" அன்றைக்கே அம்மாவைக் கூட்டி வந்துவிட்டாள்.

புண் இப்போது 3.1 செ.மீ.

உறுதி செய்தது

கன்னத்தில் மரப்பு ஊசி போட்டு, நல்ல சதையும் கெட்ட சதையும் சேருமிடத்தில் ஒரு சிறு துண்டு எடுத்து, இரண்டு தையல். கால் மணி நேர வேலை. "இவ்வளவுதானா டாக்டர்?" என்றார். அறிக்கையில் செதிள் செல் புற்றுநோய், நடுத்தர முதிர்ச்சி என்று வந்தது. வாய்ப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது இந்த வகையே.

அடுத்தது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்பது. கழுத்துக்கும் நெஞ்சுக்கும் மருந்து செலுத்தி சிடி ஸ்கேன் எடுத்தார்கள். தாடை எலும்பு தப்பியிருந்தது. நுரையீரல் சுத்தம். கழுத்தில் இடது தாடைக்கு அடியில் 9 மி.மீ. கணு ஒன்று, அளவிலும் வடிவத்திலும் சந்தேகப்படும்படி இல்லை. டி என்பது கட்டியின் அளவு, என் என்பது கணுக்களில் பரவல். அந்தக் கணக்குப்படி டி2, என்0 (கணுவில் நோய் தெரியவில்லை), அதாவது இரண்டாம் கட்டம்.

பெரிய ஆஸ்பத்திரியில் முகத்தாடை அறுவை நிபுணர், புற்றுநோய் நிபுணர், ஸ்கேன் நிபுணர், நோய்க்கூறியல் நிபுணர் எல்லோரும் சேர்ந்து பேசி முடிவெடுத்தார்கள். கன்னத்தை எடுப்பதில் பேச்சே இல்லை. கழுத்தை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. குடும்பமும் அதையே கேட்டது: "ஸ்கேன்ல கழுத்து சுத்தம்னு வந்திருக்கு. அப்புறம் எதுக்கு அங்கயும் வெட்டணும்?"

நியாயமான கேள்வி, இதற்குப் பதில் வந்தது நமக்குப் பக்கத்திலிருந்தே. கையிலும் ஸ்கேனிலும் சுத்தமாகத் தெரியும் கழுத்துகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத பரவல் இருக்கும். அப்படியானால் எல்லோருக்கும் கழுத்துக் கணுக்களை எடுப்பதா, கட்டி வெளியே தெரிந்த பிறகு எடுப்பதா என்று உலகம் பல காலம் வாதாடியது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் அனில் டிக்ரூஸ் தலைமையில் தொடக்கநிலை வாய்ப் புற்றுநோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்து, 2015ல் முடிவை வெளியிட்டார்கள். முதலிலேயே கழுத்தையும் செய்தவர்களில் மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 80 சதவீதம். காத்திருந்து செய்தவர்களில் 67.5 சதவீதம். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் பழகிய நம் மக்களை வைத்தே கிடைத்த சான்று என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு. பினாங்கிலிருந்து லண்டன் வரை இன்று இதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

அறுவையும் அறிக்கையும்

புண்ணைச் சுற்றி ஒரு செ.மீ. நல்ல சதையோடு சேர்த்துக் கன்னத்தின் உட்பகுதி எடுக்கப்பட்டது. இடது கழுத்தில் தாடைக்கு அடியிலிருந்து நடுக்கழுத்து வரை மூன்று மண்டலங்களின் கணுக்கள் எடுக்கப்பட்டன. நார்ப்பட்டையால் ஏற்கெனவே இறுகிப்போன வாய், வெறுமனே தைத்திருந்தால் பூட்டிக்கொண்டிருக்கும். அதனால் இடது முன்கையிலிருந்து தோலை அதன் ரத்தக் குழாயோடு எடுத்துக் கன்னத்தில் பொருத்தி, அந்தக் குழாயை நுண்ணோக்கியின் கீழ் கழுத்துக் குழாயோடு இணைத்தார்கள். நாள் முழுக்க நடந்த ஆபரேஷன். அதே மயக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பற்களையும் பிடுங்கினார்கள். கதிர் சிகிச்சைக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து இருக்கிறது. பிடுங்க வேண்டிய பல்லைக் கதிருக்கு முன்பே, இரண்டு வாரமாவது ஆற விட்டு, பிடுங்கிவிட வேண்டும்.

நோய்க்கூறியல் அறிக்கை வந்தது. கட்டி 3.1 செ.மீ., ஊடுருவிய ஆழம் 8 மி.மீ., வெட்டிய விளிம்புகள் சுத்தம். எடுத்த 31 கணுக்களில் முப்பதில் ஒன்றுமில்லை. அந்த 9 மி.மீ. கணுவுக்குள் புற்றுநோய் இருந்தது. கணுவின் உறையையும் உடைத்து வெளியே வந்திருந்தது.

கழுத்தை விட்டிருந்தால் இது அங்கேயே வளர்ந்திருக்கும். அந்த மூன்று மாதத்தில்தான் கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் 1.9 செ.மீ. புண் 3.1 செ.மீ. ஆனது அந்த மூன்று மாதத்தில்தான். ஆழம் கூடக் கூடக் கணுவுக்குப் போகும் வாய்ப்பும் கூடுகிறது என்பது உறுதியான விஷயம். அதனாலேயே 2018லிருந்து நடைமுறையில் உள்ள எட்டாம் பதிப்புக் கட்டப் பிரிப்பில் அகலத்தோடு ஆழத்தையும் அளக்கிறார்கள்.

உறை உடைந்த ஒரே கணு, ஒரே பக்கம், 3 செ.மீ.க்குள். அதன்படி என்2ஏ. மொத்தத்தில் 4ஏ கட்டம்.

மகள் கையில் அறிக்கையோடு என் கிளினிக்குக்கு வந்து அழுதாள். இரண்டாம் கட்டம் என்றார்களே, நாலாம் கட்டம் என்கிறார்களே, அம்மா போய்விடுவாரா என்று. நாலாம் கட்டம் என்றால் உடல் முழுக்கப் பரவிவிட்டது என்று நாம் எல்லோருமே நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாய்ப் புற்றுநோயில் அப்படி இல்லை. அதில் ஏ, பி, சி என்று மூன்று உண்டு. நுரையீரல் போன்ற தூரத்து உறுப்புக்குப் போனது 4சி மட்டுமே. 4ஏ என்பது கடுமையான நோய்தான், ஆனால் குணப்படுத்துவதையே குறியாக வைத்து வைத்தியம் பார்க்கும் கட்டம். எண்ணை மட்டும் சொல்லி அனுப்பிவிடாமல் இதை உட்கார்ந்து விளக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டால் பல வீடுகளில் சிகிச்சை பாதியில் நிற்காது.

கதிரும் கீமோவும்

உறை உடைந்திருந்தால் அறுவைக்குப் பிறகு கதிர் மட்டும் போதாது, கீமோவும் கூடவே வேண்டும். 2004ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே நடந்த இரண்டு ஆய்வுகள் ஒரே சமயத்தில் வெளிவந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, கணுவின் உறை உடைந்தவர்களுக்கும் வெட்டிய விளிம்பில் நோய் மிஞ்சியவர்களுக்கும்தான் கீமோ சேர்த்ததன் பலன் தெளிவாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு மில்லிமீட்டர் உடைப்புதான் இவருடைய சிகிச்சையை மாற்றியது.

ஆபரேஷன் முடிந்து ஆறாம் வாரம் கதிர் தொடங்கியது. மொத்தம் 66 கிரே (கதிரின் அளவுக்கான அலகு), 33 தவணை, திங்கள் முதல் வெள்ளி வரை தினமும். அதோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 40 மி.கி. சர்க்கரை நோயாளி என்பதால் சிறுநீரகத்தை ஒவ்வொரு வாரமும் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். இந்த மருந்து காதையும் பாதிக்கலாம் என்பதால் காது இரைகிறதா என்றும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து வாய் முழுக்கப் புண். எச்சில் வற்றிவிட்டது. கஞ்சியும் மைலோவும்கூட இறங்கவில்லை. மூக்கு வழியே குழாய் போட்டுப் பால் ஊற்ற வேண்டியிருந்தது. ஆறு கிலோ இளைத்தார். "போதும்மா, விட்டுடுங்க" என்று மகளிடம் கெஞ்சிய நாட்கள் உண்டு. நடுவில் தீபாவளி வேறு வந்தது. ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் பிறகு தொடரலாமே என்று வீட்டில் பேச்சு. கதிரின் நடுவே இடைவெளி விட்டால் மிஞ்சிய செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, ஒவ்வொரு நாள் தாமதமும் பலனைக் குறைக்கும். விடுமுறையில் விட்டுப்போன தவணையை வேறொரு நாளில் காலை ஒன்று, ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு மாலை ஒன்று என ஈடுகட்டினார்கள். ஒரு தவணைகூடக் குறையவில்லை. அதில் பாதிப் பெருமை, நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் காரோட்டிய மகளுக்குரியது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 40 வயதுக்கு மேற்பட்ட குறைந்த வருமானக் குடும்பத்தினருக்காக 2019ல் வந்த பெக்கா பி40 திட்டத்தில், புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 வெள்ளி வரை ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை போக்குவரத்துத் தொகையும் உண்டு. இதைப் பற்றி இவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டு விண்ணப்பியுங்கள்.

நுரையீரலில் ஒரு புள்ளி

சிகிச்சை முடிந்து ஏறக்குறைய பத்து மாதம் கழித்து எடுத்த சிடியில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் 6 மி.மீ. புள்ளி ஒன்று தெரிந்தது. முன்னே எடுத்த ஸ்கேனில் அது அறிக்கையில் இல்லை. "பாத்தீங்களா டாக்டர், நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் அண்ணன். குரலில் வெற்றி எதுவும் இல்லை, பயம்தான்.

வாய்ப் புற்றுநோய் முதலில் தேடும் உறுப்பு நுரையீரல் என்பதால் சந்தேகம் சரியானதே. ஆனால் அந்த இடத்தில் புள்ளி என்றால் நம் நாட்டில் காசநோயையும் நினைக்க வேண்டும். இளமையில் லயத்தில் பக்கத்து அறையில் காசநோயாளி ஒருவர் இருந்ததாக அவரே சொன்னார். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. பழைய ஸ்கேனை மறுபடி நுணுகிப் பார்த்தபோது அதே இடத்தில் மங்கலாக ஒரு நிழல் இருந்தது. அவ்வளவு சிறிய புள்ளியை ஊசியால் குத்துவது கடினம். அதனால் மூன்று மாதத்திலும், பிறகு ஆறு மாதத்திலும் ஸ்கேன் எடுத்தார்கள். வளரவில்லை, நடுவில் சுண்ணாம்பு படிந்திருந்தது. பழைய காசநோய்த் தழும்பு என்று முடிவானது. பரவிய புற்றுநோய்ப் புள்ளி இத்தனை மாதம் அளவு மாறாமல் இருப்பது அரிது.

அது பரவலாகவே இருந்திருந்தால்? ஒன்றே ஒன்று என்றால் அறுவையாலோ குறிவைத்த கதிராலோ அகற்ற முடியும். பல என்றால், 2019ல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து தனியாகவோ கீமோவோடோ முதல் வரிசைக்கு வந்திருக்கிறது. சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் கட்டுப்பாடு தருகிறது. விலைதான் சாமானியர் கைக்கு எட்டாதது.

வலது கன்னம்

1953ல் டான்லி ஸ்லாட்டர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும், வாய்ப் புற்றுநோய்க் கட்டியைச் சுற்றிலும் பார்வைக்கு நன்றாகத் தெரியும் தோலிலும் செல்கள் மாறியிருப்பதைக் காட்டினார்கள். பாக்கு ஊறியது வாய் முழுக்கத்தானே. ஒரு பக்கம் குணமானாலும் மறுபக்கத்தில் புதிதாக இன்னொன்று முளைக்கலாம். அது பரவல் இல்லை, இரண்டாவது நோய். எனவே வலது கன்னத்து வெண்திட்டை ஒவ்வொரு வருகையிலும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை அதன் ஓரம் சிவந்து சொரசொரப்பாகத் தெரிந்தது. பயாப்ஸி வேண்டும் என்றேன். "எடுங்க டாக்டர், இன்னைக்கே எடுங்க" என்று வாயைத் திறந்தார். லேசான செல் மாற்றம் மட்டும் என்று வந்தது. திட்டை முழுவதுமாக எடுத்துவிட்டோம்.

பாக்கை முழுதாக விடப் பட்ட பாடு தனிக் கதை. பாக்கும் பழக்கத்துக்கு அடிமையாக்கும் பொருள்தான். கதிரின்போது வாய்ப் புண்ணால் தானாகவே நின்றது, அதன் பிறகு மகளின் கண்காணிப்பில் நிற்கிறது.

கேரளத்தில் திருவனந்தபுரம் பகுதியில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் கண்ணால் வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது என்று 2005ல் முடிவு வெளியானது. நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுக்களும் தோட்டங்களுக்குப் போய் வாயைப் பார்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கின்றன. ஆனால் லயம் காலியாகி மக்கள் தாமான்களிலும் குறைந்த விலை அடுக்குமாடிகளிலும் சிதறிவிட்ட பிறகு, தோட்டத்துக்குப் போகும் வேனுக்கு இவரைப் போன்றவர்கள் அகப்படுவதில்லை. வெற்றிலைப் பெட்டி மட்டும் அவர்களோடு வந்துவிட்டது. பரிசோதனையும் அவர்கள் இப்போது இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டம், சந்தை நாள் என்று இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. டார்ச்லைட், கையுறை, கழுத்தைத் தடவிப் பார்க்கத் தெரிந்த விரல்கள், இவை போதும்.

இப்போதைய நிலை

வாய்ப் புற்றுநோய் திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் வரும். அவர் அந்த இரண்டு ஆண்டைத் தாண்டிவிட்டார். கன்னத்திலோ கழுத்திலோ நோய் இல்லை. கழுத்தில் கதிர் பட்டதால் தைராய்டு சுரப்பு குறைந்து, தினம் ஒரு தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறார். வாய்த் திறப்பு கதிருக்குப் பிறகு 19 மி.மீ. வரை சுருங்கியிருந்தது. மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லிடையே வைத்து நாளுக்குப் பல முறை பயிற்சி செய்து 28 மி.மீ.க்குக் கொண்டுவந்திருக்கிறார். எச்சில் குறைவு அப்படியே இருப்பதால் மிஞ்சிய பற்களுக்கு ஃபுளோரைடு பூசுகிறோம், தண்ணீர் பாட்டில் எப்போதும் கையில். குழம்பு காரம் குறைத்துச் சாப்பிடுகிறார். இனி வருகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அடுத்த முறை வலது கன்னமும், கழுத்தின் இரு பக்கமும், தைராய்டு ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டியிருக்கிறது.